புக்கெட்டில் வேலை: டிக்கெட் போடுமுன் முதலாளியிடம் கேட்க வேண்டியவை

"புக்கெட்டில் தோசை மாஸ்டர் தேவை, சம்பளம் 35,000 பாட், ரூம் சாப்பாடு இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம் எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. தாய்லாந்தின் புக்கெட் தீவில், பதோங் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் இந்திய உணவகங்கள் நிறைய இருக்கின்றன. தாய்க்காரருக்குத் தோசைக்கல்லும் தந்தூர் அடுப்பும் கைவராது, அதனால் ஆள் தேவை நிஜம்தான். ஆனால் தாய்லாந்தில் வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க, ஆளுக்குத் தகுதி இருப்பதோடு கடைக்கும் தகுதி இருக்க வேண்டும். மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்கு இதுதான். ஒரு வெளிநாட்டவருக்கு நிறுவனம் 20 லட்சம் பாட் பதிவு மூலதனம் காட்ட வேண்டும். ஓராண்டுத் தங்கும் அனுமதி வேண்டுமென்றால் அந்த ஒருவருக்கு நான்கு தாய் ஊழியர்களும் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். ஆறு மேசை போட்ட கடையில் இரண்டு இந்திய மாஸ்டர் என்றால் எட்டு தாய்க்காரர். கடைக்குள் அத்தனை பேர் இருக்கிறார்களா என்று நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பேருக்கு ஆள் காட்டி நடத்துகிற கடைகளும் உண்டு. சோதனை வந்தால் உங்கள் ஒர்க் பர்மிட்டும் சேர்ந்தே போகும். அதனால் சம்பளம் பேசுவதற்கு முன் கேளுங்கள்: மூலதனம் எவ்வளவு, போன மாதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு எத்தனை தாய்க்காரருக்குப் பணம் கட்டினீர்கள், ஏற்கெனவே எத்தனை வெளிநாட்டவர் இருக்கிறார்கள்? ஒழுங்கான முதலாளி கோபப்படாமல் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்புவார். "அதெல்லாம் வந்தப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்று சொன்னால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வேலைக்கும் பர்மிட் கிடைக்காது. சுற்றுலா வழிகாட்டி, முடிவெட்டுதல், தாய் மசாஜ், கடையில் நின்று விற்பது எல்லாம் தாய் குடிமக்களுக்கு மட்டும் என்று சட்டத்தில் ஒதுக்கியவை. தையல் கடை வாசலில் நின்று "ஹலோ மை ஃபிரண்ட், சூட் வேணுமா" என்று கையைப் பிடித்து இழுக்கிற வேலைக்கு எந்த ஏஜென்ட் சொன்னாலும் போகாதீர்கள். சோதனைக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது வாசலில் நிற்கிறவர்தான். பாத்திரம் கழுவுதல், ரூம் துடைத்தல் போன்றவை மியான்மர், கம்போடியா, லாவோஸ் தொழிலாளர்களுக்கென்று தனி ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. நம்மவருக்கு நடைமுறையில் திறந்திருப்பது அனுபவச் சான்றுள்ள சமையல்காரர், இந்தியக் கல்யாணங்களை ஒருங்கிணைப்பவர், ஹோட்டலில் இந்தியச் சந்தையைப் பார்க்கும் விற்பனை ஆள், சலாங் படகுத்துறையிலிருந்து கிளம்பும் டைவிங் படகுகளில் பயிற்சியாளர், இப்படிச் சிலதுதான். மாஸ்டர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய ஹோட்டல் லெட்டர்ஹெட்டில், தேதியோடு, என்ன சமையல் என்று எழுதிய அனுபவக் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். அங்கே போனபின் வரவழைப்பது பெரும்பாடு.

நடைமுறை முதலாளியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். டபிள்யூ.பி.3 என்று எல்லோரும் சொல்கிற முன் அனுமதியை அவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தை வைத்து நீங்கள் ஊரிலிருந்தே தாய் இ-விசா தளத்தில் நான்-பி என்ற வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்புகிறீர்கள். இறங்கியதும் கையில் 90 நாள். அதற்குள் மருத்துவச் சான்று வாங்கி ஒர்க் பர்மிட் எடுத்து, பிறகு 1,900 பாட் கட்டி இமிகிரேஷனில் தங்கும் அனுமதியை நீட்டிக்க வேண்டும். பர்மிட் கட்டணம் ஓராண்டுக்கு 3,000 பாட், விண்ணப்பத்துக்கு 100. ஒருவர் இதற்கு ஒரு லட்சம் கேட்டால் மிச்சம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

அந்த 35,000 பாட் எங்கிருந்து வந்தது தெரியுமா? நீட்டிப்புக்கு இமிகிரேஷன் நாட்டுவாரியாகக் குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறது. இந்தியர், இலங்கையருக்கு மாதம் 35,000. சில கடைகளில் காகிதத்தில் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் 20,000 கொடுப்பார்கள். வரிக் கணக்கும் காகிதத் தொகைக்குத்தான் போகும். ஆண்டுக்கு 4,20,000 பாட்டில் கழிவுகள் போக, தனி ஆளுக்கு வருமான வரி சுமார் 5,000 பாட் வரும். அதுவும் உங்கள் தலையில் விழும். கையில் என்ன வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு வந்ததிலிருந்து "டூரிஸ்ட்டா வா, வேலை பார்த்துக்கிட்டே மாத்திக்கலாம்" என்பது வழக்கமாகிவிட்டது. டூரிஸ்ட்டாகப் போய்க் கடை கடையாக விசாரிப்பதில் தப்பில்லை. "ரெண்டு நாள் கிச்சன்ல நில்லுங்க, கைப்பக்குவம் பாப்போம்" என்றால் அது வேலை. பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், பிறகு நாடு கடத்தல். முதலாளிக்கும் அபராதம் உண்டு, ஆனால் அவருக்கு அது கடைச் செலவு.

பத்தாவது முடிக்காதவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு, இருக்கிறதா பாருங்கள். வளைகுடாவுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். 18 நாடுகள் பட்டியலில் தாய்லாந்தும் உண்டு. வேலைக்குப் போக ஈ-மைக்ரேட் என்ற இந்திய அரசுத் தளம் வழியாக அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இலங்கையிலிருந்து போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கம்ப்யூட்டர் தெரிந்த பையன்களுக்கு இது தனியாக. "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டைப்பிங் தெரிந்தால் போதும்" என்று அழைத்து, மியான்மரின் மியாவதிப் பக்கம் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த சம்பவங்களில் நம் ஊர்ப் பையன்களும் சிக்கியிருக்கிறார்கள். வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: புக்கெட் பாங்காக்கிற்குத் தெற்கே. பாங்காக்கில் இறங்கி ஏறிய கார் வடமேற்கே, மியான்மர் எல்லையிலுள்ள மே சோட் பக்கம் போனால் அது ஹோட்டல் வேலை இல்லை. ஆள் கூட்டம் உள்ள முதல் பெட்ரோல் பங்க்கில் இறங்கி 1155, சுற்றுலா போலீஸை அழையுங்கள்.

சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஆள் எடுப்பது ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில். மே மாதம் கடல் கொந்தளிக்க ஆரம்பித்து சிமிலான் தீவுகளையும் மூடிவிட்டால் கூட்டம் குறையும், சம்பளமில்லா விடுப்பு என்ற பேச்சு வரும். ஒப்பந்தம் பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கா, சீசனுக்கு மட்டுமா என்று பாருங்கள். ரூமை நீங்களே எடுப்பதானால் பதோங்கை விட கத்து என்ற ஊர்ப் பக்கம் மலிவு. கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள், அரசு விலைக்கு மேல் வைத்துத்தான் வீட்டுக்காரர்கள் வசூலிப்பார்கள்.

ஊருக்கு வந்து போவதானால் கிளம்புமுன் 1,000 பாட் கட்டி ரீ-என்ட்ரி, அதாவது திரும்பி நுழையும் அனுமதி, எடுங்கள். எடுக்காமல் விமானம் ஏறினால் நீட்டித்த அனுமதி அன்றோடு செத்தது, மறுபடி நான்-பியிலிருந்து தொடங்க வேண்டும். வேலையை விட்டாலும் அப்படித்தான்: பர்மிட் அந்த முதலாளியோடு கட்டியது, கடைசி வேலை நாளோடு தங்கும் அனுமதியும் முடிகிறது. மீறித் தங்கினால் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. எனவே சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினாலும், கடைசித் தேதி போட்ட கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள்.