மலேயாக்காரியும் நத்தைகுத்தி நாரையும்

பினாங்கில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பச்சை என்பது தேடிப்போய்ப் பார்க்கவேண்டிய ஒன்றல்ல. தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே 1884-இல் உருவான தாவரவியல் பூங்கா, அதற்கு மேலே காடு. அநேகமாக ஆண்டு முழுவதும் மழை. திருமணமாகிக் காரைக்குடிப் பக்கம் குடியேற வந்தபோது, மதுரையிலிருந்து வழிநெடுகச் செம்மண்ணும் பனையும் சீமைக்கருவேலமும்தான். "இந்த ஊருக்கு மட்டும் சாமி கையை இறுக்கிப் பிடித்துவிட்டார்" என்றேன். கணவர் சிரிக்கவில்லை.

அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு என்று அலைந்ததெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோருடைய கதையும்தான். வெயிலும் தண்ணீரும் பழகத்தான் நாளானது. இன்றைக்கும் தெருவில் நான் 'மலேயாக்காரி'தான். மலேசியா என்று திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை இறங்கியபோது கணவரின் அப்பத்தா வீட்டையே இரண்டாக்கிவிட்டார். ஓட்டுக்கூரையின் நான்கு பக்கத் தண்ணீரும் வளவு முற்றத்தில்தான் விழும். அதற்கு நேராக அண்டாவையும் தவலையையும் தூக்கிக்கொண்டு நான் ஓட, "முதல் தண்ணீர் கூரைத் தூசிக்கு, அதை விட்டுவிடு. அடுத்ததைப் பிடி ஆத்தா, சாமி இறக்கித் தருவதை மண்ணில் விடாதே" என்று பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே அதட்டினார். வாளி வைத்து மழையைப் பிடித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை கொல்லைப்புறச் செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள். இரத்தச் சிவப்பு, எட்டுக் கால், உடம்பெங்கும் வெல்வெட் போன்ற மயிர். வெயில் நாளெல்லாம் மண்ணுக்கடியில் கிடந்துவிட்டு, ஈரம் பட்டதும் மேலே வந்துவிடுகின்றன. எத்தனை மாதமாக அந்த மண்ணை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்!

அதன்பிறகுதான் திருப்பத்தூர் பக்கமுள்ள வேட்டங்குடிக்குக் கூட்டிப்போனார்கள். 1977 முதல் பறவைகள் சரணாலயம். சரணாலயம் என்றதும் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர்க் கண்மாய்கள்தான், நடுவே கருவேல மரங்கள். மழை பெய்து கண்மாய் பெருகினால் அந்த முள் மரங்களில் இடம் போதாது: சாம்பல் நாரை, பாம்புத்தாரா, கரண்டிவாயன், உண்ணிக்கொக்கு. ஒரே இரைச்சல், எச்ச நாற்றம் வேறு.

நான் நின்று பார்த்தது நத்தைகுத்தி நாரையைத்தான். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. சேற்றில் நத்தையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் நுனியை உள்ளே செலுத்தித் தசையை அறுத்துச் சதையை மட்டும் உருவிவிடுகிறது. ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தளக்கல்லையும் படமெடுத்துக்கொண்டு, செய்தவன் கைக்குத் தங்கக் காப்பு போடவேண்டும் என்கிறார்கள். போடட்டும். இந்த அலகைச் செய்தவன் கைக்கு என்ன போடுவது? கணவர் பரிணாமம் என்பார். இருக்கட்டும், எந்தப் பட்டறையில் செய்தாலும் வேலைப்பாடு வேலைப்பாடுதான்.

கண்மாய்க் கரையிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அதுவும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு! எங்கள் தெருவில் விடியற்காலை நான்கு மணிக்கே சரவெடி தொடங்கிவிடுகிறது. இப்படி ஓர் ஊரும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இது நடக்கிறது என்பதைக் கேட்டபோது, அலகைப் பார்த்ததைவிட எனக்கு மெய்சிலிர்த்தது.

படங்களைப் பினாங்குக்கு அனுப்பினேன். "கொக்குதானே?" என்றார் அம்மா. மார்கழியில் வருகிறார். முதல் வேலையாக வேட்டங்குடிக்குத்தான் கூட்டிப்போவேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் கானாடுகாத்தான் மாளிகைகள், மற்றதெல்லாம் பிறகு என்று அவர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.