4294967297-ஐ உடைப்பது எப்படி

2³²-உடன் ஒன்றைக் கூட்டினால் 4294967297. இது 2^(2ⁿ) + 1 என்ற வடிவில் அமையும் ஃபெர்மா எண்களில் ஒன்று. அவற்றில் இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். அதனால் வரிசை முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்று கணிதவியலர் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார்: 641 × 6700417.

641-ஐ எட்ட நூற்றுக்கணக்கான வகுத்தல்கள் தேவையில்லை. 'ப' ஒரு பகாக் காரணி என்று கொள்வோம். 2³²-ஐ அதனால் வகுத்தால் மீதி −1 (அதாவது ப−1). வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. 64-க்குக் குறைந்த எந்த அடுக்கிலும் 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2-இன் ப−1 ஆவது அடுக்குக்கும் மீதி 1. ஆகவே 64, ப−1-ஐ வகுத்தாக வேண்டும். பின்னாளில் லூகாஸ் இதை இன்னும் இறுக்கினார்: காரணிகள் எல்லாம் 128க + 1 (க ஒரு முழு எண்) என்ற வடிவில்தான் இருக்கும். 129, 257, 385, 513, 641 என்று எழுதிப் பாருங்கள். பகா எண்கள் 257, 641 மட்டுமே. 257-உம் ஒரு ஃபெர்மா எண். இரு வெவ்வேறு ஃபெர்மா எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. எனவே முதல் சோதனையே 641!

வகுக்காமலும் காட்டலாம், அதுதான் இதில் மிக அழகான பகுதி. 641 = 5×2⁷ + 1; அதுவே 5⁴ + 2⁴-உம் கூட. 641-ஆல் வகுத்தால், முதலாவதிலிருந்து 5×2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. 5⁴-க்குப் பதில் −2⁴ போடுங்கள்: −2³²-இன் மீதி 1, அதாவது 2³² + 1-இன் மீதி 0. முடிந்தது.

6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் சுமார் 2588. அதற்குள் 128க + 1 வடிவில், 257 நீங்கலாக, நான்கே பகா எண்கள்: 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆக, பகா எண்தான். எனவே 4294967297 இரண்டே பகாக் காரணிகள் கொண்ட, வர்க்கக் காரணி இல்லாத எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை வெறும் 6701059; அது எண்ணைவிடச் சிறியது என்பதால் குறை எண் வகை.

நிரல் எழுதுவோர் கவனிக்க: பகா எண்ணா என்று விரைவாகச் சோதிக்கும் முறைகளான ஃபெர்மா சோதனையும் மில்லர்–ராபின் சோதனையும், அடியை (அடுக்கு ஏற்றும் எண்ணை) 2 என வைத்துச் செய்தால், இதைப் பகா எண் என்றே சொல்லும். 2³² இங்கே −1-க்குச் சமம் என்பதே காரணம். எல்லா ஃபெர்மா எண்களுக்கும் இதே கதை. அடியை 3 ஆக்குங்கள். ஃபெர்மா எண்களுக்கென்றே உள்ள பெப்பான் சோதனைப்படி, 3-இன் 2³¹ ஆவது அடுக்குக்கு மீதி −1 வந்தால்தான் பகா எண். இங்கே வருவது 10324303.

இன்னொரு பொறி, 2³² − 1 வரை மட்டுமே கொள்ளும் குறியற்ற 32 பிட் மாறி. அதில் இந்த எண்ணைப் போட்டால் 1 என்றுதான் பதிவாகும். 64 பிட்டும் முழுப் பாதுகாப்பு அல்ல: சோதனையின் இடையில் மீதி 2³² ஆக வந்தால் அதன் வர்க்கம் 2⁶⁴, அது வழிந்து 0 ஆகிவிடும். வர வேண்டியது 1. பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

இத்தனை பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியாது; ஒற்றைப்படைப் பக்கங்கள் என்றால் அவற்றின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும், 641 ஃபெர்மா பகா எண் அல்ல. இரண்டைக் கழித்தால் 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. அதை வரையலாம். அப்படி வரையத்தக்கவை என்று இதுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கைகளில் இதுவே மிகப் பெரியது.