அத்தை திட்டியதால் பிழைத்த பேஸ் கிட்டார்

போன டிசம்பரில் நியூ ஜெர்சியில் அத்தை பையன் வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே பனி. சாப்பாடும் தூக்கமுமாக இரண்டு நாள் ஓடின. மூன்றாம் நாள் மச்சான் பேஸ்மென்ட்டிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே பிளாஸ்டிக் கிட்டார் இரண்டு, நான்கு தட்டும் ஒரு மிதியும் கொண்ட டிரம்ஸ், ஒரு மைக். 2007இல் வந்த ராக் பேண்ட் என்ற வீடியோ கேம்! கல்லூரி நாட்களில் விடிய விடிய ஆடுவானாம்.

மச்சானுக்குக் கிட்டார், அவன் மகளுக்கு டிரம்ஸ், எனக்கு பேஸ். மிச்சமிருந்த மைக் அத்தை கைக்குப் போனது. "இங்கிலீஷ் பாட்டு எனக்கு எங்கடா தெரியும்?" என்றார். "வரி வேண்டாம்மா, சுருதி சேர்ந்தாப் போதும்" என்றான் மச்சான். உண்மைதான். பெரும்பாலும் அது சுருதியை மட்டுமே பார்க்கும். கீழ் ஸ்தாயியில் பாடினாலும் ஒத்துக்கொள்ளும்.

திரையில் ஒரு சாலை நம்மை நோக்கி ஓடிவரும். அதில் வரும் வண்ணக் கட்டம் கோட்டைத் தொடும்போது கிட்டாரில் அதே நிறப் பொத்தானை அமுக்கிப் பட்டையைத் தட்ட வேண்டும். தவறினால் பாட்டில் நம் வாத்தியம் மட்டும் ஊமையாகும். நாம் சொதப்பியது பக்கத்து அறைக்கும் கேட்கும்.

முதல் பாட்டில் எல்லோருமே சொதப்பினோம். "நான் சரியாத்தான் அடிச்சேன்" என்றேன். அதிசயமாக மச்சான் ஆமோதித்தான். பழைய டியூப் டிவியில் படம் உடனே வந்துவிடும். இன்றைய டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் கண்ணிமைக்கும் நேரம் பிந்திவிடுமாம். அந்தத் தாமதத்தை அளந்து சரிசெய்தான். அதன்பின் என்னைத் தவிர மற்ற மூவரும் சரியாக அடித்தார்கள். நான் ஆடிய 'ஈஸி' நிலையில் மூன்றே பொத்தான்கள்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டுவிடலாம்.

அத்தை சின்ன வயதில் கும்பகோணத்தில் பாட்டு கற்றவர். பழக்கதோஷத்தில் சுருதியை அசைத்து ஒரு கமகம் போட்டார், திரையில் சுருதியைக் காட்டும் அம்பு வெடவெடவென்று நடுங்கி மதிப்பெண் சரிந்தது. "கட்டையா நில்லுங்குது, அவ்வளவுதானே" என்று அடுத்த வரியில் 'ஆ' என்று நேர்கோடாக இழுத்தார். முழு மதிப்பெண்.

பாதிப் பாட்டில் நான் அவுட். பேஸ் அடங்கியது, திரையிலிருந்த கூட்டம் கூச்சலிட்டது. என்னை மீட்காவிட்டால் மொத்தக் கச்சேரியும் காலி. நன்றாக வாசித்துச் சேர்த்துவைத்த சக்தியை யாராவது அவிழ்த்துவிட்டால்தான் விழுந்தவன் எழுவான். கிட்டார்காரர் கிட்டாரை நிமிர்த்த வேண்டும். பாடுபவர், அதற்கென்று வரும் இடைவெளியில் மைக்கில் ஏதாவது சத்தம் கொடுத்தால் போதும். மச்சானிடம் சேமிப்பு இல்லை. அத்தைக்கோ இந்த விதியே தெரியாது. இடைவெளி வந்த நேரம் பார்த்து என் பக்கம் திரும்பினார்.

"டேய், மூணு பொத்தானை அமுக்கத் துப்பில்லையாடா உனக்கு? சின்னப்புள்ள எப்படி அடிக்குது பாரு!"

மைக் வாயருகே இருந்தது. திரை பளீரென்று மின்னியது, நான் உயிர்த்தெழுந்தேன், கூட்டம் ஆர்ப்பரித்தது. "அப்பாயி மாமாவைக் காப்பாத்திட்டாங்க!" என்று மச்சான் மகள் குச்சியை வீசிக் குதித்தாள்.

2005இல் கிட்டார் ஹீரோ என்ற இதே மாதிரி கேம் கிளப்பிய அலை சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. ஆனாலும் ராக் பேண்ட் 4க்கு 2024 ஜனவரி வரை புதுப் பாட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன. தனியாக ஆடியிருந்தால் நான் முதல் பாட்டிலேயே தூங்கப் போயிருப்பேன். அன்று இரவு ஒரு மணி ஆகியும் ஒருவரும் எழவில்லை.

கடைசிப் பாட்டு. நான் இரண்டாவது கட்டத்தைத் தவறவிட்டதுமே அத்தை மைக்கை வாயருகே கொண்டுபோய்த் தொண்டையைச் செருமிக்கொண்டார்.