ஆச்சியின் மூக்குத்தி இடம் மாறிய கதை

"ஏட்டி, எங்கம்மைக்கு எப்பட்டி இடது பக்கம் மூக்குத்தி குத்துனாங்க?"

பெரியம்மா இதைக் கேட்டபோது என் மூன்று வார உழைப்பு மேசை மேல் கிடந்தது. ஆச்சியின் முகம், 43 துண்டுத் துணி. ஒவ்வொன்றையும் வெட்டி, எண் பார்த்து அடுக்கி, இஸ்திரி போட்டு ஒட்டி முடித்திருந்தேன். ஓடிப்போய் போட்டோவைப் பார்த்தேன். மூக்குத்தி வலது பக்கம்தான். முந்தானை இடது தோளில். என் துணியில் எல்லாம் நேர் எதிர். சில ஆச்சிகள் இரண்டு பக்கமும் குத்திக்கொள்வார்கள் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். முந்தானைக்கு என்ன பதில் சொல்வது?

போட்டோவைத் துணிப்படமாக மாற்றும் குயில்ட் வேலையில் (மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி என்று அடுக்கிச் சேர்த்துத் தைப்பது) இறங்கப் போகிறவர்கள், மற்றதை எல்லாம் மறந்தாலும் கண்ணாடிப் பிம்பம் என்ற ஒன்றை மறந்துவிடாதீர்கள். நான் மறந்ததற்கு ஒரு ஜெராக்ஸ் கடையும் பாதிக் காரணம். அதைச் சொல்கிறேன்.

போட்டோ கறுப்பு வெள்ளை. திண்ணையில் உட்கார்ந்து, காதில் பாம்படம் தொங்க, கேமராவைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிற ஆச்சி. சட்டத்தின் கண்ணாடியோடு படம் ஒட்டிப் போயிருந்தது. பிய்க்க வேண்டாம், பிய்த்தால் முகமே கண்ணாடியோடு வந்துவிடும். காலையில் ஜன்னலோரம் சாய்த்து வைத்து, ஃபிளாஷ் போடாமல், வெளிச்சம் பட்டுத் தெறிக்காத கோணத்தில் போனில் எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் போஸ்டரைஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. படத்தில் இருக்கிற நூறு விதச் சாம்பல் நிறத்தையும் நாலைந்தாகச் சுருக்கித் தரும். நான் ஐந்து வைத்தேன். முதல் தடவை முகம் முழுக்கக் கடுகு சிந்தின மாதிரி பொடிப்பொடியாக வந்தது. அத்தனையையும் துணியில் வெட்ட முடியாது. படத்தை முதலில் லேசாக பிளர் செய்துவிட்டு, அதாவது மங்கலாக்கிவிட்டு, அப்புறம் போஸ்டரைஸ் செய்தால் பொடிகள் எல்லாம் சேர்ந்து பெரிய தீவுகளாகிவிடும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு துண்டு மிஞ்சினாலும் பக்கத்துத் துண்டோடு சேர்த்துவிடுங்கள். கண்ணில் இருக்கிற வெள்ளைப் புள்ளிக்கு மட்டும் விதிவிலக்கு. அது இல்லாவிட்டால் ஆள் உயிரோடு இருக்க மாட்டார். அதைக் கடைசியில் நூலால் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஜெராக்ஸ் கடை. படம் ஏ1 அளவு, அதாவது சரியாக எட்டு ஏ4 தாள். பிடிஎஃப்பை 'போஸ்டர்' என்று வைத்து எட்டுத் தாளாகப் பிரித்து அடிக்கச் சொன்னேன். ஐந்து தாள் வந்ததும் அந்த மெஷினில் பேப்பர் தீர்ந்தது. மீதி மூன்றைக் கடைத் தம்பி அடுத்த மெஷினில் அடித்துக் கொடுத்தான். வீட்டில் வந்து ஒட்டினால் தாடை கழுத்தோடு சேரவில்லை. ஒரு விரல்கடை வித்தியாசம். இரண்டாவது மெஷின் 'ஃபிட்' என்று வைத்துத் தாளுக்குள் சுருக்கியிருக்கிறது. திரும்பப் போனேன். "அப்படியெல்லாம் வராதுக்கா, நீங்க ஒட்டுனதுல கோளாறு" என்றான். ஸ்கேலை வைத்துக் காட்டின பிறகும் முழுசாக நம்பவில்லை, ஆனால் மறுபடி அடித்துக் கொடுத்தான், காசும் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து எந்தப் படமானாலும் ஒவ்வொரு தாளிலும் விழுகிற மாதிரி 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். கடையை விட்டு இறங்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்துவிட வேண்டும்.

துணி வாங்கப் போன கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள், ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி டவுன் ரத வீதிக்குக் கட்பீஸ் வாங்கக் கிளம்பினேன். பஸ் கோயில் பக்கமே போகவில்லை. இறங்கி நடந்து, கூட்டத்தில் நசுங்கி, நெல்லையப்பரைத் தேரில் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். புண்ணியம் கிடைத்தது, துணி கிடைக்கவில்லை.

மறுவாரம் போனபோதும் பாதித் தோல்விதான். இரண்டு பக்கமும் ஒட்டுகிற பேப்பர் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி, "இருக்கேம்மா" என்று சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸை இரண்டு மீட்டர் கிழித்துவிட்டார். அதில் ஒரு பக்கம்தான் பசை. நமக்கு வேண்டியது பேப்பரில் பூசின பசை. பேப்பரில் வடிவத்தை வரைந்து, துணியின் பின்பக்கம் இஸ்திரியால் ஒட்டி, வெட்டி, பேப்பரை உரித்துவிட்டு அடித்துணியில் மறுபடி ஒட்ட வேண்டும். கிழித்த துணியைத் திரும்ப எடுப்பார்களா? கேன்வாஸ் அப்படியே அலமாரிக்குப் போனது. பேப்பரை ஆன்லைனில்தான் வாங்கினேன்.

இப்போது கவனியுங்கள். வடிவத்தைத் துணியின் பின்பக்கம் ஒட்டுகிறோம். திருப்பிப் போடும்போது இடம் வலமாகிவிடும். அதனால் படத்தைக் கம்ப்யூட்டரிலேயே இடவலம் மாற்றி ஒரு பிரதி எடுத்து, அதைத்தான் பேப்பரில் வரைய வேண்டும். நான் நேர்ப் படத்தை வரைந்தேன். வெட்டின துண்டுகளை, கடையில் அடித்த மாதிரிப் படத்தின் மேல் வைத்தபோது எதுவும் உட்காரவில்லை. அப்போதே விழித்திருக்க வேண்டும். ஆனால் மனதில் ஜெராக்ஸ் கடைத் தம்பி மேல் இருந்த கோபம் போகவில்லை. "இதிலயும் அளவை மாத்திட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டு மாதிரிப் படத்தை ஓரம் தள்ளினேன். துண்டுகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. எண்ணைப் பார்த்துப் பார்த்து அடுக்கி முகத்தை முடித்துவிட்டேன். பாவம், அந்தத் தடவை அவன் மேல் தப்பே இல்லை.

பெரியம்மா கேட்ட கேள்விக்கு அப்புறம் இரண்டு நாள் அந்த மேசைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் மறுபடி முதலிலிருந்து.

முகத்துக்கு நான் எடுத்த ஐந்து துணி: சந்தனம், வெளிர் பிஸ்கட், மண்பானை, காபித்தூள், உடன்குடிக் கருப்பட்டி. கடையில் பார்க்கும்போது ஐந்தும் வேறு வேறாகத் தெரியும். வெட்டி வைத்தால் மண்பானையும் காபித்தூளும் ஒன்றாகிவிட்டன, கன்னம் தட்டையாகப் போனது. நிறத்தைவிட வெளுப்பும் கறுப்பும்தான் முகத்தைக் காட்டுகிறது. துணிகளை வரிசையாக வைத்து போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் எது எதோடு கலக்கிறது என்று உடனே தெரியும். அந்தச் சோதனைக்குப் பிறகு மண்பானைக்குப் பதில் அதைவிட வெளிரான துணியை வைத்தேன்.

இரண்டாம் முகத்துக்குக் கருப்பட்டி நிறம் போதவில்லை. கடையில் "அந்தக் கலர் தீர்ந்துட்டும்மா" என்று முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மூட்டையைக் கிளறினபோது ஒரு பூப்போட்ட மரூன் துணி புரண்டு கிடந்தது. அதன் பின்பக்கம் மங்கின கரும்பழுப்பு. தாடைக்குக் கீழ் நிழலுக்கு அதை வைத்தேன். முதல் முகத்தில் இருந்ததைவிட நன்றாக வந்தது. எந்த அச்சுத் துணிக்கும் இரண்டு முகம் உண்டு. காசு கொடுத்தாச்சு, இரண்டையும் பயன்படுத்துங்கள். ஆனால் அந்த மரூன் சாயம் போகிற ஜாதி. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டும் பெரிதாகக் கேட்கவில்லை. நாலு தடவை அலசி, தண்ணீர் தெளிந்த பிறகுதான் தொட்டேன்.

சேலைக்கு ஆச்சியின் சொந்தச் சேலையையே வைக்க ஆசைப்பட்டேன். பெட்டியில் இருந்தது ஒரு நைலக்ஸ், அதாவது நைலான் சேலை. இஸ்திரிப் பெட்டி பட்டதும் தோள் சுருண்டு, பெட்டியின் அடியில் ஒட்டி, வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். பருத்தி இஸ்திரிச் சூட்டைத் தாங்கும், நைலக்ஸ் தாங்காது. கடைசியில் பழைய வீரவநல்லூர் நூல் சேலை ஒன்று கை கொடுத்தது. அதற்குக் கஞ்சி போட்டது என் அடுத்த மடத்தனம். மொடமொடப்பாக இருந்தால் வெட்ட வசதி என்று நினைத்தேன். வெட்ட வசதிதான், ஆனால் கஞ்சி மேல் பசை பிடிக்கவில்லை. முந்தானை ஓரமெல்லாம் மறுநாள் கிளம்பி நின்றது. புதுத் துணியில் கடையிலிருந்தே வருகிற கஞ்சியும் அப்படித்தான், துவைத்துவிட்டே ஒட்டுங்கள்.

நடுவில் வைக்கிற பஞ்சு விரிப்பு எனக்கு இங்கே கிடைக்கவில்லை. தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து வைத்தேன். குளிர் தேசத்துப் போர்வையா தைக்கிறோம், சுவரில் தொங்கப் போகிறது, போதும்.

ஒட்டின துண்டுகள் மேல் மெஷினில் ஓட்டுகிற மேல்தையலுக்கு நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. என் பழைய மிதி மெஷினில் துணியைத் தள்ளுகிற பல்லை இறக்க வழியில்லை. மெஷின் ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சி, தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, துணியை அழுத்துகிற பாதத்தைக் கழற்றிவிட்டு, எம்பிராய்டரி வளையம் போட்டுக் கையால் நகர்த்தச் சொன்னார். "விரலை மட்டும் ஊசிக்குக் குடுத்துராதீங்க" என்று ஒரு எச்சரிக்கையும் சேர்த்து. நெற்றிச் சுருக்கம், கழுத்து மடிப்பு எல்லாம் நூல்தான். 14 நம்பர் ஊசி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஊசியில் பசை பிடித்து நூல் அறுந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஊசியைத் துடைத்தால் சரியாகிவிடும்.

ஓரப்பட்டை, பின்னால் கம்பி நுழைக்கிற உறை, இரண்டும் ஒரு மத்தியானத்தில் முடிந்தன.

படத்தை மாட்டின அன்று பெரியம்மா வந்தாள். கிட்டப் போய், மூக்குத்தியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாம்படம் இன்னும் கொஞ்சம் கீழ எறங்கும்" என்றாள். அப்புறம் அலமாரியில் கிடந்த பழைய முகத்தை எடுத்து, "இதச் சும்மாதான வச்சிருக்க? தலகாணி உறையாத் தைச்சுக் குடு" என்றாள். ஆச்சி முகத்தில் தலைவைத்தா படுப்பது என்று கேட்டேன். "எங்கம்ம மடியிலதானட்டி படுத்தோம்" என்றாள்.

அந்தக் காலர் கேன்வாஸ் இரண்டு மீட்டரும் தலகாணி உறையின் உள்பக்கத்துக்கு இப்போது உதவிக்கொண்டிருக்கிறது.