ஊருக்கு வர்றவங்க பெட்டில ஹெம்ப் ஆயில் வேணாம்

காரைக்குடி பக்கம் எந்த வீட்ட எடுத்தாலும் ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் மலேசியா, ஒருத்தர் அமெரிக்கான்னு இருப்பாங்க, யாரு ஊருக்குக் கெளம்புனாலும் "இத மட்டும் எங்க வீட்டுல குடுத்துருப்பா"ன்னு இன்னொரு வீட்டுப் பார்சலும் பெட்டில ஏறிரும். போறப்ப சீடை, மாவுருண்டை, ஊறுகா, வர்றப்ப விட்டமின் டப்பா, வலி மருந்து, சாக்லேட். உள்ள என்னன்னு கேக்குறது மரியாதை இல்லன்னு யாரும் கேக்குறதும் இல்ல. இந்தப் பழக்கத்து மேல எனக்கு ரொம்பப் பிரியம் உண்டு, அதனாலதான் இத எழுதுறேன்.

இப்ப அந்தப் பார்சல்ல புதுசா ஒண்ணு சேந்திருக்கு. சி.பி.டி. ஆயில், ஹெம்ப் கம்மீஸ்ங்கிற மிட்டாய், ஹெம்ப் பாம்ங்கிற தைலம். ஹெம்ப்புங்கிறது போதை கம்மியா உள்ள கஞ்சாச் செடி வகை, சி.பி.டி. அந்தச் செடில இருந்து எடுக்குற ஒரு பொருள். ஆயாவோட முட்டி வலிக்குன்னு டெக்சாஸ்ல இருக்க எங்க சித்தி மக ஒரு பாட்டில் வாங்கி வச்சுட்டு, சிங்கப்பூர் வழியா திருச்சிக்கு வர்ற ஒருத்தர்கிட்ட குடுத்து விடவான்னு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனா. பழுப்பு கலர் கண்ணாடி பாட்டில், சொட்டு மருந்து மூடி, லேபிள்ல ஒரு பச்சை இலை, கீழ பொடி எழுத்துல டி.எச்.சி. (கஞ்சாவுல போதை குடுக்குற சரக்கு) 0.3 சதவீதத்துக்குக் கம்மின்னு போட்டிருந்துச்சு. "அண்ணே, இது இங்க கடையிலயே விக்கிது, ஏர்போர்ட்லயும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னா.

அவ சொன்னது அவ இருக்க நாட்டுக்குச் சரி. 2018ல அமெரிக்காவுல வந்த பண்ணைச் சட்டம் 0.3 சதவீதத்துக்கு மேல டி.எச்.சி. இல்லாத ஹெம்ப்ப போதைப்பொருள் பட்டியல்ல இருந்து எடுத்துருச்சு, அந்தச் சட்டப்படி அங்க ஏர்போர்ட் செக்யூரிட்டியும் அந்த அளவுக்குள்ள இருந்தா விட்டாங்க. ஆனா அந்த அனுமதி ஃப்ளைட்ல நம்ம கூடவே ஏறி வராது. சிங்கப்பூர்ல சதவீதக் கணக்கே பேச்சுக்கு இல்ல, சி.பி.டி.யே தடை செஞ்ச பொருள்தான், வச்சிருந்தாலோ சாப்பிட்டாலோ 10 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். அதவிட முக்கியமா நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டியது, சிங்கப்பூர் சிட்டிசனோ, நிரந்தரமா தங்க அனுமதி வாங்குன பி.ஆரோ வெளிநாட்டுல போயி சாப்பிட்டு வந்தாலும் அங்க குத்தம்தான். அமெரிக்காவுக்கு மக வீட்டுக்குப் போயிட்டு வர்றவங்க ஒரு கம்மி மிட்டாய்தானேன்னு நெனைக்கக் கூடாது. ஹாங்காங் வழியா வர்றவங்களுக்கும் சொல்றேன், 2023 பிப்ரவரி 1ல இருந்து அங்கயும் சி.பி.டி.க்குத் தடை.

நம்ம ஊருக்கு வந்தா 1985ல போட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதுல கஞ்சாச் செடியோட பூவும் பிசினும் கஞ்சா வகையில வருது, அத எதோட கலந்தாலும் அதே கணக்குதான், 0.3ங்கிற சலுகையெல்லாம் அதுல கெடையாது. வெளிநாட்டு சி.பி.டி. ஆயில் பெரும்பாலும் பூவுல இருந்துதான் எடுக்குறாங்க. வெதைய மட்டும் சட்டம் தனியா விட்டுருக்கு, 2021ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஹெம்ப் வெதையையும் வெதை எண்ணெயையும் உணவுல சேத்துக்க வரம்பு வச்சு அனுமதிச்சிருக்கு. ஆனா பாட்டிலப் பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், கஸ்டம்ஸ்ல நின்னு வெளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா.

லேபிள நம்பலாமேன்னு கேப்பீங்க. 2017ல அமெரிக்க மருத்துவ சங்கத்தோட ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆன்லைன்ல வாங்குன 84 சி.பி.டி. பொருள லேப்ல சோதிச்சதுல, சி.பி.டி. அளவு லேபிள்படி சரியா இருந்தது 31 சதவீதம்தான், அந்த 84ல 18 பொருள்ல டி.எச்.சி.யும் இருந்துச்சு.

எனக்கு ரொம்பப் பயமா இருக்கது என்னன்னா, இந்தப் பாட்டில வாங்குனவங்க மாட்ட மாட்டாங்க, சுமந்துட்டு வர்றவங்கதான் மாட்டுவாங்க. இந்தியச் சட்டமானாலும் சிங்கப்பூர்ச் சட்டமானாலும், பெட்டில இருந்தா தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்னுதான் எடுத்துக்குவாங்க, தெரியாதுன்னு நிரூபிக்க வேண்டியது நம்ம பொறுப்பு. "பக்கத்து வீட்டு ஆச்சி குடுத்துவிட்டாக"ன்னு சொன்னா அங்க எடுபடாது. பேரனப் பாக்கப் போயிட்டு வர்ற அறுபது எழுபது வயசு ஆளு, இங்கிலீஷும் சரியா பேச வராது, அவங்க ராத்திரி நேரத்துல ஒரு ரூம்ல தனியா ஒக்காந்து பதில் சொல்றத என்னால நெனச்சுக்கூட பாக்க முடியல.

சித்தி மககிட்ட வேணாம்னு சொல்லிட்டேன், அவளும் புரிஞ்சுக்கிட்டா. வலிப்பு மாதிரி நோய்க்கு டாக்டர் எழுதிக்குடுத்து சி.பி.டி. மருந்து எடுக்குறவங்க கதை வேற, அவங்க போற நாடு, ட்ரான்சிட் நாடு ரெண்டுலயும் முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கிட்டு, டாக்டர் சீட்டோட, ஒரிஜினல் டப்பாவுலதான் கொண்டு போகணும். மத்தபடி கம்மீஸ், பாம், ஆயில் எதுவா இருந்தாலும் வாங்குன ஊர்லயே விட்டுருங்க. பார்சல் வாங்குறப்ப பிரிச்சுப் பாருங்க, லேபிளப் படிங்க, புரியலேன்னா போட்டோ எடுத்து வீட்டுல இருக்க சின்னப் புள்ளைககிட்ட கேளுங்க. இந்த லீவுக்கு யாராச்சும் வர்றாங்கன்னா, அவங்க பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி இன்னைக்கே ஒரு போன் போட்டுருங்க.