முளைக்காத குழியைக் கிளறிப் பார்க்காமல் மறுவிதை போடாதீர்கள்

மிளகாய் விதை போட்ட நாற்றுத் தட்டு ஒருவழியாகத் தேறிவிட்டது. காலிக் குழிகளோடு அது நின்ற நாட்களில் எல்லாப் பக்கமிருந்தும் வந்த யோசனை ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் தண்ணி விடுங்க, வரலைன்னா மேலேயே இன்னொரு விதை போடுங்க." இந்த யோசனையால் வீணாகும் விதைக்குக் கணக்கே இல்லை. முதல் விதை ஏன் வரவில்லை என்று தெரியாமல் இரண்டாவதைப் போட்டால் அதுவும் அதே காரணத்தால்தான் போகும்.

குழியைக் கிளறிப் பாருங்கள். பல்குச்சியால் ஓரத்திலிருந்து மண்ணை ஒதுக்கி, விதையை வெளியே எடுத்து நகத்தால் மெல்ல அழுத்தினாலே பாதி விடை கிடைத்துவிடும். போட்ட அளவிலேயே கெட்டியாகக் கிடந்தால் தண்ணீர் உள்ளே போகவில்லை. மேல்மண் இடையில் காய்ந்திருக்கும், இல்லையென்றால் விதையுறை கடினமானது. உப்பி, உறுதியாக இருந்து, உறையை நீக்கினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் விதைக்கு உயிர் இருக்கிறது. சூடு போதவில்லை, அல்லது உறக்கம் கலையவில்லை. அழுத்தியதும் கூழாகப் பிதுங்கி நாற்றமடித்தால் அழுகல். வெறும் உறை மட்டும் கிடந்தால் எறும்போ புழுவோ தின்றுவிட்டது. வேர் விட்டு, தண்டு வளைந்து மண்ணுக்குள்ளேயே சுருண்டிருந்தால் ஆழம் அதிகம், அல்லது மேலே பொருக்குத் தட்டிவிட்டது. ஐந்துக்கும் ஐந்து வேறு வைத்தியம். இவற்றில் "இன்னும் கொஞ்சம் தண்ணி" பொருந்துவது ஒன்றே ஒன்றுக்கு.

மிளகாய் விதை ஊறி உறுதியாகத்தான் இருந்தது. குறை சூட்டில். அறை வெப்பமானி காட்டும் எண்ணை நம்பவே கூடாது. ஈரமான தட்டிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால் குழிக்குள் அறையைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். மிளகாய்க்கு 27 முதல் 30 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் தலை காட்டும். 20 டிகிரியில் மூன்று வாரம் வரை இழுக்கும், அத்தனை நாள் ஈரத்தில் கிடக்கும் விதையை அழுகல் முந்திக்கொள்ளும். வெப்பமானியின் முனையை விதை இருக்கும் ஆழத்தில் செருகிப் பாருங்கள். சூடேற்றும் பாய் வைத்திருந்தால் முளை வந்ததும் அதை அணைத்துவிட வேண்டும். தொடர்ந்தால் நாற்று நெட்டையாகிவிடும். லெட்யூஸ் இதற்கு நேர் எதிர். 30 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்கள் முளைக்கவே மறுக்கும், அதற்கு வெளிச்சமும் வேண்டும். மண்ணைப் போட்டு மூடாமல் மேலே தூவி லேசாக அழுத்திவிட்டால் போதும்.

இனி முளைக்கவைக்கும் முறைகள். டிஷ்யூ பேப்பர் முறையின் பெரிய லாபம் கண்ணால் பார்க்க முடிவது. பேப்பரை நனைத்துப் பிழிந்து, தூக்கிப் பிடித்தால் சொட்டக்கூடாது. விரலால் அழுத்தினால் ஈரம் மினுங்க வேண்டும், விரலைச் சுற்றித் தண்ணீர் தேங்கக்கூடாது. விதைகளை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மடித்து, ஜிப் கவரில் போட்டு, கொஞ்சம் காற்றும் விட்டு மூடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து தினமும் திறந்து பார்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த விதை ஒன்று தெரிந்தால் அதை எடுத்தெறிந்து மற்றவற்றைப் புதுப் பேப்பருக்கு மாற்றுங்கள்.

தோல்வி முக்கால்வாசி நடப்பது இதற்குப் பிறகுதான், மண்ணுக்கு மாற்றும்போது. முளைவேர் 3 முதல் 5 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். ஒரு செ.மீ. தாண்டினால் வேர்த்தூவிகள் பேப்பர் நாருக்குள் பின்னிக்கொள்ளும், இழுத்தால் அறுந்துவிடும். பின்னிவிட்டதென்றால் அந்தத் துண்டுப் பேப்பரையும் சேர்த்துக் கத்தரித்து அப்படியே புதைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது. வேரைத் தொடாமல் விதையுறையைப் பிடித்துத் தூக்குங்கள். குழியில் முன்பே துளை போட்டு, வேர் கீழ்நோக்கி இருக்கும்படி இறக்கி, மேலே மண்ணைத் தூவ வேண்டும், அமுக்கக்கூடாது. பெரிய விதைகளுக்கும் பழைய விதைகளுக்கும் இந்த முறை அருமை. கடுகளவு விதைகளுக்கு இது வீண் வேலை.

ஊறவைப்பதைப் பற்றி நிறையப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். வெண்டை போன்ற கெட்டி உறை விதைக்கு 8 முதல் 12 மணி நேரம் நல்லது. ஒரு முழு நாளைத் தாண்டி மூழ்கிக் கிடந்தால் ஆக்சிஜன் இல்லாமல் விதை மூச்சுத் திணறும். பீன்ஸ் விதையைத் தண்ணீரில் போடுவதே ஆபத்து: தண்ணீர் வேகமாக உள்ளே பாயும்போது திசுக்கள் சேதமாகி வித்திலை (விதைக்குள்ளேயே இருக்கும் முதல் இலை) வெடிக்கும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் மோசம். அதை ஈரத்துணிக்குள் வைத்து மெல்ல ஊறவிடுங்கள். மிதக்கும் விதையெல்லாம் பொக்கு என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். நல்ல விதையும் காய்ந்து லேசாக இருந்தால் மிதக்கும்.

தண்ணீரே இறங்காத உறைக்கு, மார்னிங் குளோரிப் பூக்கொடி மாதிரி, விதை காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் தேய்த்து உள்நிறம் லேசாகத் தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். பழத்திலிருந்து எடுத்த பப்பாளி விதையின் மேல் இருக்கும் வழவழப்பான பையை உரசிக் கழுவாவிட்டால் முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அந்தப் பைதான் முளைப்பைத் தடுக்கிறது. லாவெண்டர் விதைக்கு ஈரத்தோடு 4 டிகிரி குளிரில் நாலைந்து வாரம்.

விதையே செத்ததா என்று சந்தேகமா? தட்டைக் குறை சொல்வதற்கு முன் 20 விதையை ஈரப் பேப்பரில் வைத்து, அந்தப் பயிருக்கு உரிய சூட்டில் விட்டுப் பாருங்கள். பத்துக்கும் கீழே முளைத்தால் விதைதான் காரணம். இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. பாக்கெட்டில் பரிசோதனைத் தேதியை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து விற்றுவிட்டு, கேட்டால் "ஈரம் அதிகமா வெச்சிருப்பீங்க" என்று பதில் சொல்கிறார்கள். முளைக்காத விதைகளைப் பேப்பரோடு படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் மாற்றுப் பாக்கெட் வந்தது. தேதி தெரியாத வெங்காய விதையை வாங்கவே வாங்காதீர்கள், ஓரிரு வருஷத்தில் அதன் கதை முடிந்துவிடும். தக்காளியும் வெள்ளரியும் உலர்வாக வைத்திருந்தால் நாலைந்து வருஷம் தாங்கும்.

நாற்றுத் தட்டில் மண்ணுக்குப் பதில் போடும் கோகோபீட்டில் (தேங்காய்நார்த் தூளில்) உப்பு இருக்கலாம். நாற்று முளைத்து, வித்திலை நுனி கருகி, வேர்முனை பழுப்பானால் முதல் சந்தேகம் அங்கே போக வேண்டும். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரை ஈ.சி. மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) பாருங்கள், 1 மில்லிசீமென்ஸுக்குக் கீழே இறங்கும்வரை கழுவுங்கள். இன்னொரு ஏமாற்று: மேல்பகுதி வெளிர்நிறமாகக் காய்ந்து தெரியும்போது உள்ளே சொதசொதவென்று இருக்கும். தட்டைக் கையில் தூக்கி எடையைப் பார்த்துத்தான் தண்ணீர் விட வேண்டும். ஆழம், விதையின் தடிமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மனம் நொந்துபோவது நாற்றழுகலில்தான். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். மண்மட்டத்தில் தண்டைப் பாருங்கள்: நீர் கோத்ததுபோல் தெரிந்து, நூலாக இளைத்திருக்கும், இலை மட்டும் இன்னும் பச்சையாகவே இருக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் நோய்க்கிருமிகளின் வேலை இது. விழுந்த நாற்று எழாது. பட்டைத்தூள் தூவுவதெல்லாம் விழுந்ததைக் காப்பாற்றாது. உடனே செய்ய வேண்டியது: விழுந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், மூடியை எடுங்கள், சின்ன மின்விசிறியை நாற்று லேசாக அசையும் அளவுக்கு ஓடவிடுங்கள், மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். தட்டின் அடியில் தண்ணீர் வைத்து 20 நிமிஷம் உறிஞ்சவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பித்தியத்தின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் பரவும் என்பதால் தேங்கிய தண்ணீர்தான் அதன் பாதை. பழைய தட்டுகளை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவைத்து அலசிய பிறகே திரும்பப் பயன்படுத்துங்கள். அடுத்த விதைப்புக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சை) என்ற கணக்கில் விதைநேர்த்தி செய்யலாம். ரசாயனப் பூச்சோடு நிறமேற்றி வரும் விதைக்கு இது வேண்டாம்.

நெட்டையாக வளர்ந்து சாயும் நாற்றை அழுகல் என்று நினைத்துப் பலர் மருந்து தேடுகிறார்கள். தண்டு இளைக்காமல், வெளிறி நீண்டிருந்தால் வெளிச்சக் குறைவு மட்டுமே. டியூப்லைட் என்றால் நாற்றின் தலைக்கு 5 முதல் 10 செ.மீ. உயரத்தில், நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய வேண்டும். ஏற்கெனவே நீண்ட தக்காளியை வித்திலை வரை புதைத்து நட்டால் தண்டிலிருந்தே வேர் விடும், தாராளமாகக் காப்பாற்றலாம்.

விதையுறையைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு நிற்கும் நாற்றின் உறையைக் காய்ந்தபடி பிடுங்கினால் வித்திலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அரைமணி நேரம் விட்டு, பிறகு சாமணத்தால் பக்கவாட்டில் பிளந்துவிடுங்கள்.

தட்டைச் சுற்றிக் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறந்தால் ஒரு துண்டு உருளைக்கிழங்கை மண்மேல் வைத்து மறுநாள் திருப்பிப் பாருங்கள். கறுத்த தலையோடு கண்ணாடிபோன்ற புழுக்கள் ஒட்டியிருந்தால் வேரைத் தின்பவை அவைதாம். மேல் இரண்டு செ.மீ. காயவிடுவதும், பி.டி.ஐ. (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) கலந்த தண்ணீரும் புழுவுக்கு. மஞ்சள் ஒட்டும் அட்டை பறக்கும் ஈக்களுக்கு மட்டும்.

உரத்தை முதல் நிஜ இலை விரிந்த பிறகு, சொன்ன அளவில் கால்பங்கு மட்டும் கொடுங்கள். குளிரில் தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவானால் உரத்தைக் கூட்ட வேண்டாம். மண் குளிர்ந்திருப்பதால் வேர் பாஸ்பரஸை எடுக்க முடியவில்லை, சூடு ஏறினால் புது இலை பச்சையாகவே வரும். வெளியே கொண்டுபோகும்போது முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு வாரம், பத்து நாளில் முழு வெயில். நேராக வெயிலில் வைத்தால் இலை வெள்ளையாக வெந்துவிடும். தண்டும் குருத்தும் பச்சையாக இருந்தால் பிடுங்கி எறியாதீர்கள், நிழலுக்கு மாற்றினால் துளிர்க்கும்.