திருகோணமலை: ஓட்டோக்காரரும் கால் உடைந்த கதிரையும்

முதலில் அந்த ஓட்டோக்காரரைத் திட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மா படித்த பள்ளிக்கூடத்துக்குப் பதினைந்து நிமிட நடை, தெரியாமல் ஏறிவிட்டேன், இறங்கும்போது 800 ரூபாய் என்கிறார். மீட்டர் எங்கே என்றால் "அது பழுது தம்பி" என்று ஒரு சிரிப்பு. முழுப் பயணத்துக்கும் நான் கொண்டுபோனது 5000. பள்ளிக்கூட வாசலில் மான் ஒன்று போஸ்டர் தின்றுகொண்டு நின்றது, அதற்கு மட்டும்தான் அந்த ஊரில் சாப்பாடு இலவசம் போல.

மட்டக்களப்பிலிருந்து வந்த பஸ்ஸும் அப்படித்தான். மூடாத ஜன்னல், வாகரை தாண்டும் வரை மழை முழுக்க என் முழங்காலில். ஆனால் அம்மாவிடம் முறையிட முடியாது, அவர் காலத்தில் கிண்ணியாவில் பாதையில் (வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) ஏறித்தான் கரை மாறவேண்டும், பாதை அக்கரையில் நின்றால் காத்துக்கிடக்கவேண்டும். 2009இல் திறந்த பாலம் 396 மீற்றர், எங்கள் பஸ் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிட்டது.

கோணேசர் கோயில், கோட்டை எல்லாம் பார்த்தேன், அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் போனது அம்மா படித்த பள்ளிக்கூடத்தைப் பார்க்க. கத்தோலிக்கக் கோயிலோடு ஒட்டிய சின்ன மிஷன் பள்ளிக்கூடம், ஓட்டுக் கூரை, ஒரு மண்டபம், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். திருகோணமலை 1893இல் தனி மறைமாவட்டம் ஆனது. பிறகு பிரெஞ்சு இயேசு சபைக் குருமார் வந்தார்கள், 1940களின் கடைசியில் அமெரிக்கர்கள். புனித சூசையப்பர் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய பாதர் ஹீபர்ட்டை இன்னும் பேசுகிறார்கள். 1990 ஆகஸ்டில் மட்டக்களப்புப் பக்கம் காணாமல் போனவர், இன்றுவரை தகவல் இல்லை. எனக்கு மண்டபத்தைத் திறந்துவிட்ட பெரியவரும் மூன்றாவது வசனத்திலேயே அவரிடம் போய்விட்டார்.

பெரியவரை நான் இழுத்துக்கொண்டு வந்தது 1960க்கு. ஸ்ரீமாவோ அரசாங்கம் அந்த வருடம் உதவி பெறும் பாடசாலைகளை, அதாவது அரசாங்கக் காசு பெற்று மிஷன்கள் போன்றவை நடத்தியவற்றை, கையேற்கச் சட்டம் கொண்டுவந்தது, அடுத்த வருடம் காணி, கட்டடங்களுக்கு இன்னொரு சட்டம். நாட்டின் பல இடங்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்தார்கள், பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து சமாதானம் பேசவேண்டியிருந்தது. மேல் வகுப்பு இருந்த பள்ளிக்கூடங்கள் விரும்பினால் தனியாராகவே இருக்கலாம். ஆனால் அரசாங்கக் காசு வராது, பிள்ளைகளிடம் கட்டணம் அறவிடவும் கூடாது. காற்றைக் குடித்து இரு என்பதற்கு இது சட்டப் பாஷை! இந்தப் பள்ளிக்கூடம் இருந்துதான் பார்ப்போம் என்று இருந்துவிட்டது.

எப்படி என்று கேட்டேன். பெரியவர் அலுமாரியிலிருந்து கரப்பான் அரித்த கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். ஊர் கொடுத்த பொருட்களின் கணக்கு. பிடியரிசி இரண்டு கொத்து, தேங்காய் 12, சோக் பெட்டி 1, பாரை மீன் 1 ("ஆசிரியருக்கு" என்று பக்கத்தில்), பழைய கூரை ஓடு 40. சம்பளம் எத்தனை மாதம் பிந்தியது என்பது அதில் இல்லை, அதை அவர் வாயால் சொன்னார். கோட்டைச் சுவரைப் படம் எடுக்க வருகிறவர்கள் இந்தக் கொப்பியைப் பார்க்காமல் போவது அநியாயம் என்று எனக்குப் பட்டது. கரையானுக்கு முன் யாராவது ஸ்கேன் பண்ணுங்கள், தயவுசெய்து.

இடையில் மத்தியானச் சாப்பாடு. கடைக்குப் பெயர்ப்பலகையே இல்லை, தேங்காய்ப்பால் விட்ட சூரை மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், நெத்தலிப் பொரியல், இரண்டாம் தரம் சோறு கேட்காமலே விழுந்தது, 450 ரூபாய். ஓட்டோக்காரருக்குக் கொடுத்ததில் கிட்டத்தட்ட இரண்டு சாப்பாடு! சரி, விடுவோம்.

திரும்பப் போய்க் கொப்பியைப் புரட்டினேன். ஓகஸ்ட் மாதப் பக்கத்தில் தாத்தாவின் பெயர். எதிரே "கதிரை 1 (கால் உடைந்தது)". அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது உடைஞ்சு போகேல்ல, மாமா ஏறிக் குதிச்சு உடைச்சவன்" என்றார்.